எரியாத இடத்தில் ஊற்றிய தண்ணீர்

பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு சொல்கிறேன். இது நெருப்பைப் பற்றிய கதை. கேட்கிறவர்கள் வீட்டு நெருப்பெல்லாம் அடுப்புக்குள்ளேயே இருக்கட்டும்.

நெடுங்குன்றை என்ற ஊரை வல்லபமாறன் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதே சரி என்று நினைத்துவிடுவார்.

அந்த ஊர் மேலத்தெரு முழுக்க ஓலைக் கூரை. போன சித்திரையில் ஒரு வீட்டில் பிடித்த தீ, ஒன்பது வீட்டைத் தின்ற பிறகுதான் அடங்கியது. அதில் ஒன்று, கீற்று முடைகிற பச்சையாயியின் வீடு. அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தெருவில் முப்பது பேரைச் சேர்த்தாள். கூலி கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் குளத்தங்கரைக்கு வந்து தீயணைக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். அரசரும் மனமிரங்கி நாற்பது தோல்வாளி கொடுத்தார்.

பச்சையாயி சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "எரியற வீட்டைப் பாக்காதீங்க. அது போனது போனதுதான். பக்கத்து வீட்டை நனைங்க!"

இதெல்லாம் தளவாய் உக்கிரப்பெருமாளுக்குப் பிடிக்கவில்லை. தன் வீரர்களைத் தவிர வேறு யாரும் வரிசையில் நின்றாலே அவருக்கு ஆகாது.

"அரசே, தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு பயிற்சியா? பச்சைக் குழந்தைகூட ஊற்றும்! தீப்பிடித்தால் என் வீரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த வாளிகளை யானைக் கொட்டிலுக்குக் கொடுங்கள். யானையாவது குளிக்கும்."

அன்று கடைசியாகப் பேசியவர் தளவாய். வாளிகள் கொட்டிலுக்குப் போயின. 'அரச ஆணை இல்லாமல் வேறு யார் கைக்கும் வாளி போகக் கூடாது' என்று தளவாய் ஓலையும் எழுதி வாங்கிவிட்டார். பயிற்சியும் நின்றது.

அரசவையில் காளத்தி என்று ஒருவர் இருந்தார். வாள் பிடிக்கத் தெரியாது, வாய் மட்டும் உண்டு. பச்சையாயி அவரிடம் ஓடினாள்.

"ஐயா, பங்குனி பொறக்கப் போவுது. வெயிலும் காத்தும் சேந்து வரும். ஒரு பொறி விழுந்தா என் தெரு மிஞ்சாதுங்க."

"நாளைக் காலையில் உன் ஆட்களோடு குளத்தங்கரைக்கு வா, தாயி. வெறுங்கையோடு வா."

"வெறுங்கையோட வந்து என்னங்க செய்ய?"

"சும்மா நிற்க வேண்டும். கூப்பிடும்வரை நிற்க வேண்டும். அதுதான் கஷ்டம்."

பிறகு காளத்தி அரசரிடம் போனார். "அரசே, தளவாயாரின் வீரர்கள் தீயணைப்பதை ஊரே பார்க்கட்டும். குளத்தங்கரையில் ஒரு பழைய வைக்கோல்போர் இருக்கிறது. அதைக் கொளுத்துவோம்."

அரசர் தலையாட்டினார். தளவாய் மீசையை முறுக்கினார்.

"ஒரு சந்தேகம், தளவாயாரே. உங்கள் வீரர்கள் தண்ணீரை எங்கே ஊற்றுவார்கள்?"

"இது ஒரு கேள்வியா? எரிகிற இடத்தில் ஊற்றுவார்கள்! எரியாத இடத்தில் ஊற்றுகிறவன் மடையன். என் ஆட்களில் எவனாவது ஒரு சொட்டு வேறெங்காவது சிந்தினால் தோலை உரித்துவிடுவேன்!"

"ஆகா! அவ்வளவு பெரிய தளவாய் வெயிலில் நிற்கலாமா? உங்கள் பட்டுக் கூடாரத்தைப் பக்கத்திலேயே அடித்துவைக்கச் சொல்கிறேன்."

அது போரில் வென்று கொண்டுவந்த கூடாரம். தளவாய்க்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் காலை. அரசரும் ஊராரும் குளத்தங்கரையில் கூடினார்கள்; பச்சையாயியின் ஆட்கள் வெறுங்கையோடு ஓரமாக நின்றார்கள். யானைகள் குளத்தில் குளித்துக்கொண்டிருந்தன. காளத்தி விரலை நனைத்துக் காற்றைப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கூடாரத்தை அடிக்கச் சொன்னார். உள்ளே யாரும் இல்லை என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் வைக்கோல்போருக்குத் தீ வைத்தார்கள்.

நாற்பது வீரர்கள் நாற்பது மண்குடத்தோடு ஒரே நேரத்தில் ஓடினார்கள். போகிறவனும் வருகிறவனும் முட்டிக்கொண்டார்கள். டமால், டமால் என்று குடங்கள் உடைந்தன. மிஞ்சினது ஏழு குடம். காற்று வீசியது. பொறியெல்லாம் கூடாரத்தின் பக்கம் பறந்தது.

"டேய், கூடாரத்தை நனையுங்கடா!" என்று அலறினார் தளவாய்.

"அது இன்னும் எரியலீங்களே, ஐயா!"

"எரியறதுக்குள்ள நனையுங்கடா!"

"தோலை உரிப்பேன்னு சொன்னீங்களே, ஐயா!"

கூடாரத்து ஓரத்தில் ஒரு பொறி விழுந்து, உள்ளங்கை அகலத்துக்குக் கருகியது. தளவாய் பச்சையாயியிடம் ஓடினார்.

"அம்மா! பார்த்துக்கொண்டே நிற்கிறாயே!"

"நாங்க தயாருங்க. வாளிதான் யானைகிட்ட இருக்கு."

தளவாய் குளத்துக்கு ஓடினார். பாகன் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "அரச ஆணை வேணுங்க. ஓலையில இருக்குதுங்க. எழுதி வாங்கினது நீங்கதானுங்களே."

தளவாய் திரும்பி ஓடிவந்து அரசர் காலில் விழுந்தார். "அரசே! வாளிகளை இவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்! என்றைக்கும் இவர்களிடமே இருக்கட்டும்!"

காளத்தி குறுக்கே வந்தார். "பயிற்சி இல்லாதவர்களிடம் வாளி எதற்கு, தளவாயாரே? வெள்ளிக்கிழமைதான் நின்றுவிட்டதே."

"வெள்ளிக்கிழமையும் நடக்கட்டும், செவ்வாய்க்கிழமையும் நடக்கட்டும்! ஐயோ, சீக்கிரம்!"

அரசர் கையை அசைத்தார். பாகன் வாளிகளை எடுத்து நீட்டினான். அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் முப்பது பேரும் இரண்டு வரிசையானார்கள். ஒரு வரிசையில் நிறைந்த வாளி போனது, மறு வரிசையில் வெற்று வாளி வந்தது. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. போரின் பக்கம் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூடாரத்தைத் தலைமுதல் கால்வரை குளிப்பாட்டினார்கள். எரிய வைக்கோல் தீர்ந்ததும் போர் தானாக அடங்கியது. கடைசியாகச் சாம்பல்மேல் நாலு வாளி ஊற்றினாள் பச்சையாயி. ஒரு சின்ன ஓட்டையோடு கூடாரம் பிழைத்தது.

"வாளிகளும் பயிற்சியும் மேலத்தெருவுக்கே! தளவாய் வாயாலேயே கேட்டாயிற்று!" என்று அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காளத்தி, உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள்!"

"எனக்கு ஒன்றும் வேண்டாம், அரசே. தளவாயாருக்கு மேலத்தெருவில் ஓர் ஓலை வீடு கட்டிக்கொடுங்கள். அப்புறம் பாருங்கள், பயிற்சிக்கு முதல் ஆளாக அவரே வந்து நிற்பார்!"