இருபத்து நான்கு வயது நாடு

முன்னொரு காலத்தில் மேழிநாட்டை மகரபூபதி என்றொரு அரசர் ஆண்டுவந்தார். அவருக்கு வயது இருபத்தைந்து. போன வருஷமும் இருபத்தைந்துதான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் முடிசூடிய அன்றும் அதேதான். முடிசூடியபோது சொன்ன வயதை மாற்றுவது அரசருக்கு அழகல்ல என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவைக்க, அது சட்டமாகிவிட்டது. அரசரைவிட மூத்தவர் நாட்டில் இருக்கலாமா? கூடாதே! ஆகவே குடிமக்கள் யாருக்கும் இருபத்து நான்குக்கு மேல் வயது ஏறாது. பல் கொட்டிப்போன கிழவரைக் கேட்டாலும் கூசாமல் "இருபத்து நான்கு" என்பார்.

ஒருநாள் அரசர் குதிரை ஏறப்போனார். மூன்று பேர் தூக்கிவிட்டும் அந்தப் பக்கமாகப் போய் விழுந்தார். பயம் பிடித்துக்கொண்டது. உடம்பு ஏன் மூப்படைகிறது என்று கண்டறிய ஓர் ஆராய்ச்சி மண்டபம் கட்டி, சிவகாமவல்லியிடம் ஒப்படைத்தார். அவள் அரண்மனைத் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவள். எலி இரண்டு வருஷத்தில் கிழடாகிறது, அதே அளவு வௌவால் இருபது வருஷம் உத்தரத்தில் தொங்குகிறதே, ஏன் என்று கேட்டுக் கேட்டே தூக்கத்தைத் தொலைத்தவள். மண்டபம் கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அரண்மனை வைத்தியர் சடாட்சரத்துக்கோ வயிறு எரிந்தது. மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சபையில் எழுந்தார்.

"அரசே, இவள் ஊர் ஊராகப் போய் விசாரித்துக் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? எல்லோருக்கும் வயது இருபத்து நான்காம்! இதற்கு ஒரு மண்டபமா? என் லேகியம் கரண்டிக்குப் பத்து வயது குறைக்கும். அந்த மண்டபத்து மானியத்தை எனக்குக் கொடுங்கள்."

அரசர் மீசை துடித்தது. "பதில் சொல்லம்மா. இல்லாவிட்டால் நாளைக்கே மண்டபம் குதிரை லாயம்!"

சிவகாமவல்லி யோசித்தாள். வயதையே மறைக்கும் நாட்டில் மூப்பை எப்படி ஆராய்வது? சொன்னால் தலை போகும், சொல்லாவிட்டால் மண்டபம் போகும். வைத்தியர் கையிலிருந்த லேகியச் சட்டியைப் பார்த்தாள். பாழாய்ப்போன நேரத்தில் சிரிப்பு வந்தது.

"வைத்தியர் சொல்வதே சரி அரசே. இப்போதே இரண்டு கரண்டி சாப்பிடுங்கள்."

அரசர் ஆவலாக விழுங்கினார்.

"இன்னொரு கரண்டி?" என்றார் வைத்தியர்.

"ஐயையோ, வேண்டாம்! பிறக்காமலே போய்விடுவார்" என்றாள் சிவகாமவல்லி. "இருபத்தைந்தில் இருபது போனால் ஐந்து. கிரீடம் குழந்தைக்குக் கனக்கும், கழற்றுங்கள்!"

சட்டம் சட்டம்தானே! சேவகர்கள் கிரீடத்தைக் கழற்றினார்கள். சமையற்காரர் பருப்புச் சோற்றை நெய் விட்டுப் பிசைந்து, "ஆ காட்டுங்க, என் ராஜால்ல!" என்று உருண்டையை நீட்டினார்.

"குழந்தை வளரும்வரை நாட்டை யார் ஆள்வது?" என்று கவலைப்பட்டார் சேனாபதி.

"வேண்டுமானால் நானே..." என்று சடாட்சரம் சிம்மாசனத்தருகே நகர்ந்தார்.

"யாரடா குழந்தை?" என்று கர்ஜித்தார் அரசர், வாய் நிறையப் பருப்புச் சோற்றோடு. "எனக்கு அறுபத்து மூன்று வயது!"

சிவகாமவல்லி ஓலையை எடுத்து எழுதினாள். "மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான வயது, அரசே."

அரசர் அவளை முறைத்தார். பிறகு சோறு புரையேறும்வரை சிரித்தார். வயதுச் சட்டம் அன்றே ஒழிந்தது. சடாட்சரத்துக்கு மட்டும் அது செல்லும் என்று உத்தரவாகி, இரண்டு கரண்டி லேகியமும் புகட்டப்பட்டது. நான்கு வயதாகிவிட்ட வைத்தியர், அகரம் எழுதப் பள்ளிக்கூடம் போனார்.

"மூப்பின் காரணம் எப்போது தெரியும்?" என்று கேட்டார் அரசர்.

"தெரியாது அரசே. என் காலத்தில் தெரியாமலும் போகலாம்."

அரசர் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டார். "அப்படியானால் உனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் சேர்த்தே மானியம் எழுதுகிறேன்."

மறுநாள் உண்மையான வயதைச் சொல்ல மண்டப வாசலில் ஊரே வரிசை கட்டியது. எல்லோரையும் விலக்கிக்கொண்டு முதலில் வந்து நின்றவர் மகாராணி.

"எனக்கு அறுபத்தாறு. எழுதிக்கொள்" என்றார்.

பக்கத்தில் நின்ற அரசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னைவிட மூன்று வயது மூப்பா? கல்யாணத்தன்று ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் எங்கே கேட்டீர்கள்?" என்றார் மகாராணி.