எல்லைக் கல்லும் மூன்று சகலைகளும்

சேந்தம்பாளையத்தில் மாவு மில் வைத்திருந்த புண்ணியகோடிக்குத் தன் மூளையின் மேல் அபாரமான மரியாதை உண்டு. அவனுக்கு இரண்டு சகலைகள்: சிட்டிபாபு, மாசிலாமணி. மூன்று பேருடைய மனைவிமாரும் அக்கா தங்கைகள். அவர்கள் ஒருநாள் சேர்ந்து நின்று சொல்லிவிட்டார்கள்.

"ஆவணி பொறக்கறதுக்குள்ள மூணு குடும்பமும் ஒரே சொந்த வீட்டுல இருக்கணும். இல்லேன்னா நாங்க மூணு பேரும் எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவோம்."

மாமனார் புறப்பட்டு வந்து கேட்கப்போகிற கேள்விகளை நினைத்ததுமே புண்ணியகோடி வீடு தேடக் கிளம்பினான். நாயாக அலைந்து ஒரு வீட்டைப் பிடித்தான். ரிட்டயரான கண்டக்டர் வைத்திலிங்கத்தின் ஓட்டு வீடு.

"வீடு, கிணறு, ரெண்டு தென்னை எல்லாம் சேர்த்து சென்டுக்கு மூணு லட்சம்" என்றார் அவர். "எத்தனை சென்டுன்னு ஒரு சர்வேயரை வச்சு நீங்களே அளந்துக்குங்க. அளந்த அளவுக்குக் காசு கொடுங்க."

சர்வேயர் தாவீதின் ஆபீஸ் கடைத்தெருவில் மாடியில் இருந்தது. அவர் கணக்காகப் பேசுகிற மனிதர்.

"நாலு மூலையிலயும் எல்லைக் கல் இருந்தா அஞ்சாயிரம். இல்லேன்னா பழைய வரைபடத்தைப் பாத்து இடத்தைத் தேடணும், பத்தாயிரம். கல் இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

மூன்று சகலைகளும் போய்ப் பார்த்தார்கள். நாலு மூலையிலும் நாலு கல், முழங்கால் உயரத்துக்கு, கம்பீரமாக நின்றன. சிட்டிபாபுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்க பெரிய சகல, போய்ச் சொல்லிடலாம்."

புண்ணியகோடி நகரவில்லை. "சொன்னா நம்பிடுவாரா? அஞ்சாயிரம் ரூபா விவகாரம். வெறும் வாய்ப்பேச்சை எவன் நம்புவான்?"

"அதுவும் சரிதான். அப்ப என்ன பண்றது?"

"கல்லையே கொண்டுபோய்க் காட்டிடுவோம்."

சகலைகள் இருவரும் அவனை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். இப்படி ஒரு மூளை ஒரே குடும்பத்துக்குள் வந்து சேர்ந்ததை அவர்களால் நம்பவே முடியவில்லை.

கடப்பாரை போட்டு நாலு கல்லையும் பிடுங்கினார்கள். குழிகளைக் காவல் காக்க மாசிலாமணியை நிறுத்திவிட்டு, மற்ற இருவரும் ஒரு குட்டி யானை வண்டியில் கற்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கி, தாவீதின் மேசைமேல் வைத்தார்கள். மூன்றாவது கல்லுக்கு மேசை முனகியது. நாலாவதுக்கு ஒரு கால் மடங்கிவிட்டது.

"நல்லாப் பாத்துக்குங்க சார்" என்றான் புண்ணியகோடி, மூச்சு வாங்கிக்கொண்டே. "நாலும் இருக்கு. அஞ்சாயிரந்தான்."

தாவீது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கல் அப்போதும் அங்கேதான் இருந்தது.

"இப்ப உங்க இடத்துல கல் இருக்கா?"

"அதெப்படி சார் இருக்கும்? இங்க இருக்குதே."

"அப்ப பத்தாயிரம்."

புண்ணியகோடிக்குத் தலை சுற்றியது. நாலு கல்லையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இல்லை என்கிறாரே இந்த ஆள்!

"யோவ்!" என்று தாவீது கத்தினார். "கல் எங்க இருக்கோ அதுதான்யா எல்லை! அதைப் பிடுங்கிட்டு வந்து என் மேசையில வச்சா?"

புண்ணியகோடி மேசையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தான். "அப்படின்னா இப்போதைக்கு உங்க மேசை எங்க எல்லைக்குள்ள வருதா சார்?"

தாவீது எழுந்து கதவைத் திறந்துவிட்டார். மூலையில் கல்லை நட்டு வைத்தால் அஞ்சாயிரம், நாளைக்குக் காலையில் வருவேன் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்து பார்த்தால் குழிகளைக் காணோம். மாசிலாமணி பெருமையோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஆடு மாடு விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா நாமதானே பதில் சொல்லணும்? மூடி மிதிச்சு, தண்ணி தெளிச்சுப் பெருக்கியும் விட்டுட்டேன். எங்க குழி இருந்துச்சுன்னு எனக்கே தெரியல, அவ்வளவு சுத்தம்."

கல்லை எங்கே நடுவது என்று விவாதம் நடந்தது. பக்கத்து வீட்டு மாமரத்தையும் சேர்த்து வளைத்துவிடலாம் என்றான் சிட்டிபாபு.

"கூறு இருக்கா உனக்கு?" என்று சீறினான் புண்ணியகோடி. "சென்டுக்கு மூணு லட்சம்டா! தள்ளி வச்சாக் காசு ஏறும். உள்ள வச்சாக் குறையும். கல் இருக்கிற இடந்தான் எல்லைன்னு சர்வேயரே சொல்லியாச்சு."

கல்லை உள்ளே தள்ளினார்கள். தென்னை இரண்டும் வெளியே போயின. மரம் ஏறத் தெரியாதவனுக்குத் தென்னை எதற்கு? கிணறு போயிற்று, குழாயில்தான் தண்ணீர் வருகிறதே.

"படுக்கற ரூம்?" என்றான் மாசிலாமணி.

"படுத்ததும் கண்ணை மூடிக்கறோம். கண்ணு தெரியாத நேரத்துல ரூம் எதுக்கு?"

"சமையல்கட்டு?"

"நாம யாராவது சமைக்கறமா?"

கக்கூஸைப் பற்றி முடிவெடுக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசியில் அதையும் விட்டார்கள். கூடத்தில் வைத்திலிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நாலு கல்லையும் வைத்தார்கள். ஏதோ வாஸ்து பூஜை போலிருக்கிறது என்று நினைத்து அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். அவர் எழுந்ததும் இன்னும் நெருக்கி வைத்தார்கள். அன்றைக்குப் புண்ணியகோடிக்குத் தூக்கமே வரவில்லை. இத்தனை லட்சம் மிச்சம் பிடித்தவன் எப்படித் தூங்குவான்?

காலையில் வந்த தாவீது கற்களைப் பார்த்தார். மூன்று சகலைகளையும் பார்த்தார். குனிந்து டேப்பைப் பிடித்தார்.

"ஒரு சதுர அடி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "கல் நாலும் இருக்கு. அஞ்சாயிரம் எடுங்க."

"நிலத்துக்கு எவ்வளவு வருது சார்?"

"அறுநூத்தித் தொண்ணூறு ரூபா."

சகலைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். வைத்திலிங்கம் மோவாயைத் தடவினார். முப்பது வருஷம் பஸ்ஸில் சில்லறை கொடுத்தவர், அவசரப்படவில்லை.

"தாராளமா எழுதித் தரேன். மிச்ச வீடு என்னுதுதான். அதுல புழங்கிக்க மாசம் எட்டாயிரம் வாடகை."

புண்ணியகோடி சகலைகளோடு கலந்து பேசினான். சொந்த இடமும் ஆயிற்று, அதைச் சுற்றி வசதியாக ஒரு வீடும் ஆயிற்று. சம்மதம் என்றார்கள்.

பால் காய்ச்சினார்கள். பாகம் பிரிக்கும்போது ஆளுக்கு நாலு அங்குலம் வந்தது. மூவரும் வரிசையாக அவரவர் பாகத்தில் வலது காலை வைத்து நின்றார்கள். இடது காலுக்கு இடம் இல்லை. அது வைத்திலிங்கத்தின் தரையில் நின்றது. புண்ணியகோடி குனிந்து பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஐயா, இங்க வாங்க! உங்க இடத்துல இருக்கறது ஆளுக்கு ஒரு கால்தான். பாதி வாடகைதானே நியாயம்?"

வைத்திலிங்கம் காலை எண்ணிப் பார்த்தார். "நியாயந்தான். இப்படியே நிக்கற வரைக்கும் நாலாயிரம் போதும்."

பந்தியில் இலை போட்டாயிற்று. புண்ணியகோடியின் மனைவி குணவதி வந்து கூப்பிட்டாள். "சாம்பார் ஆறுது, வந்து உக்காருங்களேன்!"

"வாயை மூடுடி!" என்று பதறினான் புண்ணியகோடி. "உக்காந்தா எட்டாயிரம்! இலையைத் தூக்கிக்கிட்டு இங்க வா!"