முயலின் காலில் இரண்டு கட்டு

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. கோடை வந்தால் அதில் முழங்கால் அளவு தண்ணீர்தான் நிற்கும். காலையில் முதலில் இறங்குகிறவர்களுக்குத் தெளிந்த நீர் கிடைக்கும். பின்னால் வருகிறவர்களுக்குச் சேறுதான்.

அதனால் ஒவ்வொரு கோடைக்கு முன்பும் மேட்டுக்காட்டு விலங்குகளும் பள்ளக்காட்டுப் பன்றிகளும் கால்பந்து ஆடும். வென்ற அணிக்குக் கோடை முழுவதும் முதல் தண்ணீர்.

மேட்டுக்காட்டு அணியில் மின்னான் என்ற முயல் இருந்தது. அது காற்றைப் போல ஓடும். ஆனால் ஓடுவதைவிட விழுவதுதான் அதற்குப் பிடிக்கும். ஒரு பன்றி பக்கத்தில் வந்து மூச்சு விட்டாலே போதும். "ஐயோ, என் கால்!" என்று சுருண்டு விழுந்துவிடும்.

வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதைச் சந்தேகிக்கக் கூடாது என்பது அந்தக் காட்டின் வழக்கம். ஆகவே நடுவரான நாரை உடனே விசில் ஊதி, பெனால்டி கொடுத்துவிடும். அடிபட்டவர்தான் அதை உதைக்க வேண்டும் என்பதும் வழக்கம். முயல் நொண்டி நொண்டிப் போய் உதைக்கும். பந்து கோலுக்குள் போனதும் வலியும் எங்கேயோ போய்விடும்.

இந்த ஆண்டு ஆட்டத்துக்கு முன், அணித் தலைவி மருளி என்ற மான் முயலைத் தனியே அழைத்தது.

"மின்னான், இன்றைக்கு ஒழுங்காக ஓடி ஆடு. உன் வேகத்துக்குப் பன்றிகளால் ஈடுகொடுக்க முடியாது. சும்மா சும்மா விழுந்து மானத்தை வாங்காதே."

"ஓடினால் மூச்சு வாங்கும், அக்கா. விழுந்தால் கோல் கிடைக்கும்!" என்றது முயல்.

ஆட்டம் தொடங்கியது. பன்றிகளின் தலைவன் உருமன் பந்தைத் துரத்தி வந்தது. அதற்கும் முயலுக்கும் நடுவே ஒரு யானை படுத்துத் தூங்கலாம். அவ்வளவு இடம் இருந்தது.

"ஐயோ, என் வலது கால்!"

முயல் விழுந்து உருண்டது. நாரை பார்த்ததோ இல்லையோ என்று இன்னொரு முறையும் உருண்டது.

"என் நிழல்கூட அவன்மேல் படவில்லையே!" என்று உறுமியது உருமன்.

"வலிக்கிறது என்கிறானே, அப்பா. நான் என்ன செய்ய?" என்று நாரை விசிலை ஊதியது.

முயல் எழுந்து போய் உதைத்தது. கோல்!

அதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. ஆனால் அப்போது, "விலகுங்கள், விலகுங்கள்!" என்று ஒரு கரடி பெரிய மூட்டையோடு திடலுக்குள் ஓடிவந்தது. பக்கத்து மலையிலிருந்து புதிதாகக் குடிவந்த வைத்தியர் அது. மிகவும் இளகிய மனது.

"ஒடிந்த காலோடா உதைத்தாய், கண்ணு? உனக்கு எவ்வளவு துணிச்சல்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது கரடி. பச்சிலையை அரைத்துப் பூசியது. மூங்கில் பத்தைகளை வைத்து, கொடியால் இறுக்கத் தொடங்கியது.

"கட்டெல்லாம் எதற்கு, வைத்தியரே? எனக்கு வலியே இல்லை!" என்றது முயல்.

நாரை கழுத்தை நீட்டியது. "வலி இல்லையா? அப்படியானால் பெனால்டியும் இல்லை, கோலும் இல்லை."

"வலிக்கிறது! ரொம்ப வலிக்கிறது!" என்றது முயல் அவசரமாக.

கரடி இன்னும் இறுக்கிக் கட்டியது.

அதன் பிறகு முயல் கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு திடலைச் சுற்றியது. உருமன் அதைத் தாண்டிச் சாவகாசமாகப் போய் ஒரு கோல் போட்டது. ஒன்றுக்கு ஒன்று!

ஆட்டம் முடியப் போகும் நேரம். இன்னொரு பெனால்டி கிடைத்தால் வெற்றிதான் என்று முயல் கணக்குப் போட்டது. சற்றுத் தள்ளி நின்ற உருமன் ஒரு தும்மல் போட்டது. அவ்வளவுதான்.

"ஐயோ, என் இடது கால்!"

விசில் ஒலித்தது. கரடி இந்த முறை பச்சிலையைத் தயாராக அரைத்து வைத்திருந்தது. முயல் எழுவதற்குள் இடது காலிலும் மூங்கில் ஏறிவிட்டது.

"ம், உதை," என்றது நாரை.

முயல் விறைத்த கால்களை ஊன்றி நின்றது. ஓர் அடி எடுத்து வைத்தது. தடால் என்று முகம் குப்புற விழுந்தது.

"ஆகா, விழுந்தால் இப்படி விழ வேண்டும்! இன்னொரு தடவை!" என்று மரத்திலிருந்த குரங்குகள் கைதட்டின.

"வைத்தியரே, கட்டை அவிழ்த்துவிடுங்கள். கால் ஆறிவிட்டது," என்று முயல் கெஞ்சியது.

"கோடை முடியும்வரை அவிழ்க்கக் கூடாது, கண்ணு. ஒடிந்த எலும்பு இவ்வளவு சீக்கிரம் கூடாது."

"ஒடிந்தால்தானே கூடுவதற்கு! என் இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன!" என்று கத்தியது முயல்.

நாரை விசிலை அலகிலிருந்து எடுத்தது.

"இரண்டு காலுமா?" என்று கேட்டது நாரை.

முயலின் காதுகள் தொங்கிப்போயின.

"இடது காலுக்குக் கொடுத்த பெனால்டி செல்லாது. வலது காலுக்குக் கொடுத்த கோலும் செல்லாது. பன்றிகள் ஒன்று, மேட்டுக்காடு பூஜ்யம்!" என்று சொல்லி, நாரை கடைசி விசிலை ஊதியது.

மறுநாள் காலை பன்றிகள் முதலில் குளத்தில் இறங்கின. குடித்தன, குளித்தன, புரண்டன. அவை கரையேறிய பிறகு மேட்டுக்காட்டு விலங்குகள் வந்து, சேற்றைப் பார்த்தபடி நின்றன. இரவோடு இரவாகக் கட்டுகளைக் கடித்து அவிழ்த்திருந்த முயல் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது.

"என்ன கண்ணு, வயிறு வலிக்கிறதா?" புதரிலிருந்து கரடியின் குரல் கேட்டது. மூட்டை அவிழும் சத்தமும் கேட்டது.

"இல்லை! எனக்கு எதுவுமே வலிக்கவில்லை!"

முயல் எடுத்தது ஓட்டம். புல் அசைந்ததுதான் தெரிந்தது, முயல் தெரியவில்லை.

மருளி பெருமூச்சு விட்டது. "இந்த ஓட்டத்தை நேற்று ஓடியிருக்கக் கூடாதா?"

நீதி: பொய்யாக விழுந்து பெற்ற வெற்றி, எழுந்து நிற்க வேண்டிய நேரத்தில் கைவிட்டுப் போய்விடும்.