ஸ்பிரிங்குக்கு வைத்த பொட்டு

"டீச்சர், முன் சக்கரம் ரெண்டும் நான் சொன்னா கேக்க மாட்டேங்குதுங்க" என்றார் குழந்தைவேலு.

"நீங்க என்ன சொன்னீங்க அதுங்ககிட்ட?" என்று கேட்டார் யசோதா.

குழந்தைவேலுவுக்குச் சுருக்கென்றது. குறை சொல்ல வந்த இடத்தில் குறுக்கு விசாரணை நடந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

யசோதா பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவர். அதை விட்டுவிட்டு, கோவைக்கு வெளியே பந்தயத் தளத்தை ஒட்டி ஒரு ஷெட் போட்டு, ரேஸ் கார்களுக்கு ஸ்பிரிங்கும் டயரும் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைவேலுவைவிட வயதில் சிறியவர். இருந்தாலும் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

குழந்தைவேலு நல்ல ஓட்டுநர். ஒரு காலத்தில் அவர் வளைவில் திரும்புகிறார் என்றால் கேன்டீனில் டீ ஆற்றுகிறவரும் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். போன வருஷம் பனைமர வளைவில் கார் மூன்று பல்டி அடித்தது. எலும்பு கூடிவிட்டது. காரும் புதிதாகிவிட்டது. ஆனால் ஓட்டம் மட்டும் திரும்பி வரவில்லை.

கார் முதலாளி ராஜமாணிக்கம் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டாப்வாட்சோடு வருவார். பழைய வேகம் இருந்தால் ஸீட் குழந்தைவேலுவுக்கு. இல்லாவிட்டால் ராஜமாணிக்கத்தின் அக்கா மகனுக்கு.

அந்த ஸீட் போனால் குழந்தைவேலு என்ன செய்வார்? சாப்பாட்டுக்குக் குறையில்லை, தோட்டம் இருக்கிறது. ஆனால் அந்த ஸீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவர் ஒரு ஆளாக இருந்தார். மற்ற நேரமெல்லாம் வெறும் காத்திருப்பு.

"கல்லு மாதிரி ஸ்பிரிங் போடுங்க. மெழுகு மாதிரி இளகி ஒட்டுற டயர் போடுங்க. போன பந்தயத்துல ஜெயிச்சானே ஹரிகரன், அவன் வண்டிக்குப் போட்டீங்கல்ல, அதே."

"கல்லு மாதிரி ஸ்பிரிங் போட்டா ரோட்டு மேட்டுல டயர் துள்ளும். துள்ளுற டயர் எதைப் பிடிக்கும்?"

"அப்ப ஹரிகரனுக்கு மட்டும் எப்படிங்க பிடிக்குது?"

யசோதா பதில் சொல்லாமல் ஸ்பேனரைத் துடைத்தார்.

பதில் சொல்லாதவர்மேல் சந்தேகம் வருவது இயற்கை. குழந்தைவேலுவுக்கு அது இயற்கையையும் தாண்டி வந்தது. முந்தின வாரம் ஹரிகரன் ஒரு பை நிறைய மாங்காயோடு இந்த ஷெட்டுக்குள் போனதை அவர் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். மாங்காய் ஊறுகாய்க்குத்தான் என்று நினைக்க அவர் என்ன குழந்தையா? பெயரில் மட்டும்தான் குழந்தை.

*

யசோதாவிடம் ஒரு வழக்கம் உண்டு. ஸ்பிரிங் மாற்றும்போது ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது. குறுக்கே ஒரு தார்ப்பாயைக் கட்டிவிடுவார். ஓட்டுகிறவர் இந்தப் பக்கம் உட்கார வேண்டும். பிறகு ஓட்டிவிட்டு வந்து, கார் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும்.

"எதுக்குங்க இந்தக் கல்யாணத் திரை?"

"மாட்டினது என்னன்னு தெரிஞ்சுட்டா, தெரிஞ்சதைத்தான் வந்து சொல்வீங்க. வண்டியைப் பத்திச் சொல்ல மாட்டீங்க."

தார்ப்பாய்க்குப் பின்னால் ஜாக்கி ஏறும் சத்தம் கேட்டது. ஸ்பேனர் சத்தம் கேட்டது. எல்லாம் கேட்டது. எதுவும் தெரியவில்லை.

முதல் தடவை ஓட்டிவிட்டு வந்தார். "முன்னாடி ரொம்ப விறைப்புங்க. திருப்பினா திரும்பாம நேராப் போகுது."

யசோதா தார்ப்பாய்க்குப் பின்னால் போனார். சத்தம் கேட்டது.

அடுத்த தடவை ஓட்டிவிட்டு வந்தார். "இப்பப் பின்னாடி வழுக்குதுங்க. வாலை வீசுது."

மறுபடியும் சத்தம்.

"இப்ப மொத்தமா தொளதொளன்னு ஆயிருச்சுங்க. முன்னமே தேவலாம்."

"சரி" என்றார் யசோதா. அவர் முகத்தில் ஏமாற்றமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். குழந்தைவேலுவுக்கு அந்த வெறும் முகமே பேயாகத் தெரிந்தது.

இவர் ராஜமாணிக்கத்தின் ஆளோ? அக்கா மகனுக்கு ஸீட் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு சாக்கு வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றுவதுபோல் சத்தம் மட்டும் போடச் சொல்லியிருப்பாரோ?

மாற்றவே இல்லையோ?

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஷெட்டில் பூஜை நாள். ஜாக்கிக்குப் பொட்டு, ஸ்பேனர் பலகைக்குப் பொட்டு, கேட்டுக்குப் பொட்டு. குழந்தைவேலுவும் ஒரு கிண்ணியில் குங்குமத்தை எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டு வந்தார். பானெட்டில் வைத்தார். ஸ்டியரிங்கில் வைத்தார். யாரும் பார்க்காதபோது முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, ஸ்பிரிங்கின் அடி வளையமும் அது உட்காரும் தட்டும் சேருகிற இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். இன்னொரு பக்கத்திலும் வைத்தார்.

ஸ்பிரிங்கைக் கழற்றினால் பொட்டு இரண்டாக உடையும். சாமி பெயரில் சீல் வைத்தாகிவிட்டது. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

நிமிர்ந்தால், யசோதா நின்றுகொண்டிருந்தார்.

"பூஜைங்க" என்றார் குழந்தைவேலு.

"நல்லது" என்றார் யசோதா.

தார்ப்பாய் ஏறியது. சத்தம் கேட்டது. தார்ப்பாய் இறங்கியது. குழந்தைவேலு ஓட்டினார். பனைமர வளைவு வந்தது. முன்பக்கம் கேட்கவில்லை, பின்பக்கம் வீசியது.

வந்து இறங்கியதும், "நேத்தைவிட இன்னைக்கு இன்னும் மோசமுங்க. சத்தியமா வேற வண்டி மாதிரி இருக்குது" என்றார்.

சொல்லிவிட்டு, செருப்பைத் தேடுவதுபோல் சக்கரத்தருகே குனிந்தார்.

பொட்டு உடையவில்லை. வைத்தது வைத்தபடி இருந்தது. எதிர்ப் பக்கம் ஓடினார். அங்கேயும் அப்படியே.

இத்தனை நாளில் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம்.

"டீச்சர்! நீங்க ஸ்பிரிங்கை மாத்தவே இல்லீங்க."

"ஆமா."

இல்லை என்று சொன்னால் என்ன பேசுவது என்று அவர் தயாராக இருந்தார். ஆமாவுக்குத் தயாராக இல்லை.

"இன்னைக்கு மட்டும்தானுங்களா?"

"நேத்தும்தான்."

"டயரு?"

"அதே டயர்."

"அப்ப அந்தச் சத்தமெல்லாம்?"

"கழட்டித் திரும்ப மாட்டினா சத்தம் வரும். இன்னைக்குப் பொட்டு இருந்துச்சு, அதனால சும்மா தட்டினேன்."

குழந்தைவேலுவுக்கு முகம் சிவந்தது. "என்னை ஏமாத்துனீங்களா? நான் மெனக்கெட்டு ஓட்டிட்டு வந்து முன்னாடி விறைப்பு, பின்னாடி வழுக்கல், தொளதொளப்புன்னு ஒவ்வொண்ணா..."

எண்ணிக்கொண்டு வந்த விரல் மூன்றாவதில் நின்றது.

"ஆமா, ஒவ்வொண்ணாச் சொன்னீங்க" என்றார் யசோதா. "ஒரே வண்டியைப் பத்தி."

காற்றில் தார்ப்பாய் படபடத்தது. குழந்தைவேலு தரையைப் பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதைதானா இது? இல்லையே, அவருக்கு ஆடத் தெரியுமே. அதுதான் வலித்தது.

யசோதா அவர் கையைப் பிடித்து முன் டயர்மேல் வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"வெதுவெதுன்னு இருக்குதுங்க."

"ஹரிகரன் ஓட்டிட்டு வந்து நிறுத்தின டயர்ல இப்படிக் கை வைக்க முடியாது."

"அது வேற டயருங்க."

"அதுவும் இதே ரக டயர்தான். ஸ்பிரிங்கும் இதேதான்."

குழந்தைவேலு நம்பவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"சூடேறாத டயர் பிடிக்காது" என்றார் யசோதா. "பாரம் விழாத டயர் சூடேறாது. வளைவு வர்றதுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக்கை அழுத்தி விட்டுடறீங்க. அதனால திருப்பும்போது முன் சக்கரத்து மேல பாரமே இல்ல. அப்புறம் வளைவு பாதியில பயந்து ஆக்ஸிலேட்டரை விடறீங்க. பாரமெல்லாம் முன்னாடி ஓடி வந்துடுது. வெறுமையான பின்பக்கம் வீசுது."

"பாரம் போட்டுப் பிடிக்கலைன்னா?"

"போன வருஷம் அப்படித்தான் ஆச்சா?"

"அது... ரோட்டுல எண்ணெய் கிடந்துச்சுங்க."

"இப்பக் கிடக்கா?"

"யாருக்குங்க தெரியும்!"

யசோதா கை கழுவப் போய்விட்டார்.

*

சனிக்கிழமை முழுவதும் குழந்தைவேலு யோசித்தார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அவர் மனசு எல்லாப் பக்கமும் மோப்பம் பிடித்தது. ஹரிகரனுக்கும் இதே ஸ்பிரிங் என்பது பொய்யாக இருக்கலாம். டயர் சூடு என்பது ஒரு கட்டுக்கதையாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே எதையாவது மாற்றிவைத்து, வளைவில் தன்னைக் கவிழ்க்கத் திட்டமாகவும் இருக்கலாம். எப்படியானாலும் ஸ்பிரிங்கில் பொட்டு இருக்கிறது. அது பொய் சொல்லாது.

ஞாயிறு காலையில் எல்லோருக்கும் முன்னால் ஷெட்டுக்கு வந்தார். யசோதா அவருக்கும் முன்னால் வந்திருந்தார்.

"இன்னைக்கு மாத்தியிருக்கேன்" என்றார் யசோதா.

"எதைங்க?"

"பாரம் தாங்குற மாதிரி."

குழந்தைவேலு மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. அங்கேயே மண்டியிட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

பொட்டு இருந்தது. ஸ்பிரிங்கும் தட்டும் சேருகிற இடத்தில், உடையாமல்.

பக்கத்தில் இன்னொரு பொட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பின் ஸ்பிரிங்குகளில் பொட்டு. டயரின் பக்கவாட்டில் பொட்டு. கண்ணாடியில், கதவில், பெல்ட் கொக்கியில், கடைசியில் அவருடைய ஹெல்மெட்டின் நெற்றியிலும் பொட்டு. எல்லாம் எண்ணெயில் குழைத்த அதே குங்குமம். வண்டி மாரியம்மன் கோயில் வாசல்போல் நின்றது.

"இதுல எதுங்க நான் வச்சது?"

"எனக்கென்ன தெரியும்? வண்டிக்குப் பொட்டு வச்சா தப்பா?"

வெளியே ராஜமாணிக்கத்தின் கார் வந்து நின்றது. அக்கா மகன் புது ஓவராலில் இறங்கினான். கடை மடிப்புகூடக் கலையவில்லை.

"டீச்சர், கும்பிட்டுக் கேக்கறனுங்க. மாத்துனீங்களா இல்லீங்களா?"

யசோதா ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.

"வண்டியைக் கேளுங்க."

*

குழந்தைவேலு ஓட்டினார்.

முதல் சுற்றில் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டார். ரோட்டைச் சந்தேகப்பட்டார். பனைமரம் வந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் தானாக எழுந்தது, வால் வீசியது. கம்பிவேலி ஓரத்தில் ராஜமாணிக்கம் வாட்சைப் பார்த்துத் தலையை ஆட்டுவது தெரிந்தது. அழுகை வரும்போல இருந்தது.

இந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும். பொட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. டீச்சர் சொல்லப்போவதில்லை. மாற்றினாரா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவருக்குக் கீழே உருண்டுகொண்டிருந்தது.

கேட்டார்.

பனைமரம் மறுபடி வந்தது. பிரேக்கை அழுத்தி, அழுத்தம் குறையாமலே மெல்லத் திருப்பினார். முன் டயர் அமுங்கியது. ஸ்டியரிங் வழியாகச் சின்னதாக ஒரு முனகல் வந்தது. அது வழுக்குவதற்கு முன்னால் வருகிற முனகல். ஒரு வருஷமாக அவர் கேட்காத குரல். அது இன்னும் என்ன சொல்கிறது என்று கேட்பதற்காக, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருந்தார். இன்னும் கொஞ்சம் பாரம் வைத்தார். அது இன்னும் கொஞ்சம் பிடித்தது.

பனைமரம் பின்னால் போய்விட்டது.

அடுத்த சுற்றிலும் கேட்டார். அதற்கடுத்த சுற்றிலும் கேட்டார். கேன்டீனில் டீ ஆற்றுகிற கை நின்றது அவருக்குத் தெரியாது.

வந்து நிறுத்தியபோது ராஜமாணிக்கம் வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா மகனிடம், "நீ போய் ஓவராலைக் கழட்டு கண்ணு, புழுக்கமா இருக்கும்" என்றார்.

குழந்தைவேலு இறங்கினார். நேரே முன் சக்கரத்தருகே போய்க் குந்தினார். யசோதா தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் அவர் பொட்டைப் பார்க்கவில்லை. டயர்மேல் உள்ளங்கையை வைத்தார். சுரீர் என்று சுட்டது. கையை உதறிக்கொண்டு சிரித்தார்.

"இப்பச் சொல்லுங்க" என்றார் யசோதா. "ஸ்பிரிங்கை மாத்தியிருந்தேனா, இல்லையா?"

குழந்தைவேலு கையை ஊதிக்கொண்டே யோசித்துப் பார்த்தார்.

"அதைக் கவனிக்கலீங்களே, டீச்சர்."