தள்ளிவிட்ட புகை

சடையாண்டி சாமியின் மடத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற சீடன் கோவேந்தன். பழைய டீசல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அன்று வந்தவன் கும்பிடக்கூட இல்லை.

"சாமி, கரண்ட் வண்டி வாங்கினா வருமான வரியில தள்ளுபடியாம். நம்ம ஊர்ப் பணக்காரர் தணிகாசலம் முதலாளி அப்படி ரெண்டாவது காரும் வாங்கிட்டாரு. நான் வரி ஆபீஸ்ல போய்க் கேட்டா, வரியே கட்டாதவனுக்கு எதைத் தள்ளுறதுன்னு சிரிக்கிறாங்க. ஏழை சொல் அம்பலம் ஏறுமா?"

"உனக்கு எதுக்குடா கரண்ட் வண்டி?"

"என் பெண்டாட்டி செங்கமலத்துக்கு நுரையீரல் போச்சு சாமி. இனிமே புகை பட்டா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டு அழுதான். பாவம், அழாமல் என்ன செய்வான்.

"இது நியாயமா சாமி?"

"இல்லை."

"அப்ப அந்தச் சலுகையே கூடாதுன்னு சொல்லுங்க."

மறுநாள் விடிந்ததும் சாமி அவன் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே செங்கமலம் மூச்சு இழுப்பது வெளியே வரைக்கும் கேட்டது. கேட்கவே சகிக்கவில்லை.

கோவேந்தன் வழக்கம்போல வண்டியைக் கிளப்பாமல் கையால் தள்ளினான். வீட்டருகே புகை ஆகாதல்லவா. சாமியும் கூடத் தள்ளினார். தெருமுனைக்கு வந்த பிறகுதான் கிளப்பினான். கரும்புகை அங்கிருந்த ஒரு வீட்டு ஜன்னலுக்குள் போனது. உள்ளே யாரோ இருமினார்கள். ஒரு கை வந்து ஜன்னலைச் சாத்தியது.

"யாருடா அது?"

"தெரியாது சாமி."

"தினமும் இங்கேதானே கிளப்புறே?"

"ஆமா. வேற எங்கே போவேன்?"

அந்த நேரம் பார்த்துத் தணிகாசலத்தின் புதுக் கார் சத்தமில்லாமல் கடந்து போனது.

"பாருங்க, பொட்டுப் புகை இல்லை."

"இந்த ஜன்னலுக்கு அது நல்லதுதான்" என்றார் சாமி.

"அப்ப சலுகை சரிதானா?"

"அந்தக் காருக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருது?"

"வடக்கே நிலக்கரி எரிக்கிறாங்களே, அங்கேயிருந்து."

"அங்கே குடியிருக்கிறது யாருன்னு அந்த முதலாளிக்குத் தெரியுமா?"

கோவேந்தன் சாத்தியிருந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியாது சாமி. எனக்கும் தெரியாது. அப்ப என் செங்கமலத்துக்கு என்னதான் வழி?"

சாமியின் கண்ணும் கலங்கியிருந்தது.

"நாளைக்கும் வர்றேன்டா. இந்த ஜன்னலையும் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் தள்ளுவோம்."