சீழ் புகுந்த குகை

அருவிக்குப் பின்னால் ஒரு குகை இருந்தது. பிழைக்குமா என்று சந்தேகம் வந்த விலங்குகளை மட்டுமே அங்கே படுக்க வைப்பார்கள். கரடி வைத்தியர் மருந்து கொடுப்பார். மருதி என்ற கருமந்தி புண்களைத் துடைத்துக் கட்டுவாள். ஒரு புண்ணைத் தொட்ட கையை வாசல் ஓடையில் கழுவாமல் இன்னொரு புண்ணைத் தொடக் கூடாது. அதுதான் குகையின் சட்டம்.

அப்போது உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். சிறுத்தையின் வாயிலிருந்து தப்பிய செவலை என்ற பெண்மான், காலொடிந்து தோல் கிழிந்த முயல், விலாவில் புண்ணோடு ஒரு காட்டுப்பன்றி.

பன்றி அங்கே வருவது நான்காவது தடவை. சீழை அடக்க அந்தக் காட்டில் இருந்த ஒரே மருந்து கசப்பு வேர். அதை ஏழு நாள் தின்ன வேண்டும். பன்றியோ இரண்டே நாளில் துப்பிவிடும்.

"இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே!" என்று மருதி கெஞ்சுவாள்.

"வலிதான் போய்விட்டதே! வாய் எதற்குக் கசக்க வேண்டும்?" என்று பன்றி எழுந்து போய்விடும்.

ஒரு நாள் காலையில் மருதி பன்றியின் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! கட்டு அவிழ்ந்துவிட்டது! ரத்தம் கொட்டுகிறது!" என்று செவலை அலறினாள்.

ஓடை பத்தடி தூரத்தில் இருந்தது. மருதி ஓடையைப் பார்த்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். நேராக மானிடம் ஓடினாள். புண்ணை அழுத்திப் பிடித்துக் கட்டினாள். அதே வேகத்தில் முயலின் கட்டையும் இறுக்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் செவலையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. மருதி கட்டைப் பிரித்தாள். உள்ளே பச்சைச் சீழ்! பன்றியின் புண்ணில் அடித்த அதே நாற்றம்!

வைத்தியர் கசப்பு வேரை அரைத்துப் புகட்டினார். காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டு மடங்கு புகட்டினார். மானின் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

"இந்த வேருக்கு அடங்காத சீழா!" என்றார் வைத்தியர்.

"எனக்கும் இந்தத் தடவை கேட்கவில்லையே!" என்றது பன்றி.

வைத்தியர் மெதுவாகத் திரும்பினார். "ஒவ்வொரு தடவையும் பாதியில் துப்பினாயே! சாகாமல் தப்பிய கிருமிகள் வேரின் கசப்புக்குப் பழகிவிட்டன. சரி, உன் புண்ணில் இருந்தவை இவளுக்கு எப்படி வந்தன?"

மருதி கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். 'சொன்னால் என்னைத் துரத்திவிடுவார்களே!'

அப்போது மூலையிலிருந்து முயல் முனகியது. "அக்கா... குளிருகிறது..."

வெளியே வெயில் சுட்டெரித்தது. மருதியின் பிடரி மயிர் சிலிர்த்து நின்றது. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த முயலும் செத்துவிடும்!

"என் கைதான்!" என்று அவள் கதறினாள். "பன்றியைத் தொட்ட கையைக் கழுவாமல் இரண்டு பேரையும் தொட்டேன்!"

வைத்தியர் தன் கைகளைப் பார்த்தார். "நேற்று அவசரத்தில் நானும் கழுவவில்லை" என்றார் தாழ்ந்த குரலில்.

உடனே மூவரையும் தனித்தனிப் பாறைப் பொந்துகளுக்கு மாற்றினார்கள். பழைய படுக்கைத் தழைகளைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஒவ்வொரு தடவை தொடும் முன்பும் தொட்ட பின்பும் மருதி பூந்திக்கொட்டை நுரையால் தேய்த்துக் கழுவினாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவள் நிறுத்தவில்லை.

முயலின் புண்ணில் சீழ் அப்போதுதான் கட்டத் தொடங்கியிருந்தது. வைத்தியர் அதைக் கீறி வடித்தார். பன்னிரண்டு நாள் மரணத்தோடு மல்லுக்கட்டி, முயல் கண் திறந்தது.

செவலை பிழைக்கவில்லை. மருதியின் மடியில் தலை வைத்தபடியே அவள் மூச்சு நின்றது.

பன்றி தன் பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது. அதன் கண்களில் கிலி. "வைத்தியரே, ஏழு நாளும் தின்கிறேன்! எழுபது நாளும் தின்கிறேன்! வேரைக் கொடுங்கள்!"

"கொடுக்கலாம்" என்றார் வைத்தியர். "இனி அது உன்னைக் காப்பாற்றாதே!"

மருந்தைப் பாதியில் விடுபவரும் கையைக் கழுவாமல் நோயாளியைத் தொடுபவரும், ஒரு தவறும் செய்யாத அடுத்த படுக்கைக்காரரிடம் எமனை அழைத்து வருகிறார்கள்.