மதில் நிழலில் சிவந்த மரம்

முன்னொரு காலத்தில், சுவரில் விழும் நிழலைப் பார்த்தே ஜனங்கள் நேரம் சொன்ன காலத்தில், வெயிற்கோட்டை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் ராஜா கதிர்வேந்தன் தன்னைச் சூரியனுக்கே சொந்தக்காரன் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதனால் அங்கே ஒரு விசித்திரமான வழக்கம். யாருக்கு எவ்வளவு வெயிலோ அவருக்கு அவ்வளவு மரியாதை. மந்திரி நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருப்பார், தலை சுற்றினாலும் எழுந்திருக்க மாட்டார். நிழலில் ஒதுங்கியவர்களை யாரும் மனுஷராகவே மதிக்க மாட்டார்கள்.

அப்படி மதிக்கப்படாதவள் வேம்பி. அவள் புருஷன் கோட்டைக் காவல்காரன். ஒரு திருவிழாவன்று காய்ச்சல் தாங்காமல் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான், இருவரையும் கோட்டை மதிலுக்கு வெளியே, கிழக்குப் பக்கத்துக் குடிசைக்குத் துரத்திவிட்டார்கள். அங்கே காலை வெயில் மட்டும்தான் வரும். உச்சிப்பொழுது தாண்டினால் மதிலின் நிழல் விழுந்துவிடும். புருஷன் அந்த வருஷமே செத்துப்போனான். அதற்கப்புறம் வேம்பியோடு பேச ஒருவரும் வரவில்லை. ஒரு ஆளுக்குச் சோறு வேகிற சின்னச் சட்டி ஒன்று, அவள் ஒருத்தி. தன் குரல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

ஒரு நாள் நெடுமூக்கன் என்ற மந்திரவாதி ஜப்பான் தேசத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கினான். ராஜாவுக்குத் தொட்டியில் ஒரு மரம் கொடுத்தான். குழந்தை கையை விரித்த மாதிரி குட்டிக் குட்டி இலைகள். நாம் இப்போது மேப்பிள் என்கிறோமே, அதுதான். மார்கழிப் பனியில் இலையெல்லாம் குங்குமமாய்ச் சிவக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ராஜாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உயர்ந்த விருந்தாளிக்கு உயர்ந்த இடம் என்று அரண்மனை முற்றத்தின் நட்டநடுவில் மரத்தை வைத்தார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வெயில், மேற்கிலிருந்து அனல் காற்று. மார்கழி வருவதற்குள் இலைகள் ஓரம் கருகி, சுருண்டு, கொட்டிவிட்டன. இவ்வளவு வெயில் கொடுத்தும் வாழத் தெரியவில்லையே என்று கோபித்துக்கொண்டு, அடுத்த வருஷம் அதை இருட்டறையில் பூட்டினார். இலைகள் வெளிறித் தொங்கின, சிவக்கவே இல்லை. மூன்றாம் வருஷம், கொண்டுபோய் அந்த நிழல்காரியிடம் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மரத்தை எப்படி வளர்ப்பது என்று வேம்பிக்கு யாரும் சொல்லவில்லை. குடிசை வாசலில்தான் இடம் இருந்தது, அங்கேயே வைத்தாள். தொட்டியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகிய வாடை வந்தது. அடியில் ஓட்டை போட்டாள். மண் காயாமல் இருக்க மேலே சருகு பரப்பினாள். தினமும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். காலை இளவெயில் இலைகளைத் தொட்டுப் போகும். மத்தியானம் மதில் நிழல் கொடுக்கும், அனல் காற்றையும் தடுக்கும். அவளுக்குக் கொடுத்த தண்டனை மரத்துக்கு மருந்தாகிவிட்டது, பாருங்கள்.

ஒரு காலையில் மரம் பேசியது.

"அக்கா, இங்க நல்லா இருக்கு."

வேம்பி செம்பைக் கீழே போட்டுவிட்டாள். பயத்தில் இல்லை, அழுகையில்.

மரத்துக்குள்ளே மியோ என்ற பெண் இருந்தாள். நெடுமூக்கனுக்கு அடிமையாக இருக்க மறுத்ததால் அவளை மரமாக்கிவிட்டான். மூன்று வருஷத்துக்குள் ஒரு முறையாவது இலைகள் சிவந்து தானாக உதிர்ந்தால் சாபம் தீரும். இல்லாவிட்டால் வெறும் விறகுதான். இது கடைசி வருஷம். ஜப்பான் தீவில் அம்மா காத்திருப்பாள் என்று மியோ சொன்னாள். அதுமுதல் தினமும் காலையில் இருவரும் பேசினார்கள். வேம்பிக்குத் தன் குரல் திரும்பக் கிடைத்தது.

மார்கழி வந்தது. ஓர் இலை சிவந்தது, ஒரு கிளை சிவந்தது, மரமே சிவந்தது. அன்று காலை நெடுமூக்கன் வாசலில் வந்து நின்றான்.

"ஒரே ஒரு இலையைக் கிள்ளிக் கொடு, வேம்பி. மரம் விறகாகாது, உன்னோடயே இருக்கும், பேசிக்கிட்டே இருக்கும். தானா உதிர்ந்தா அவ கப்பலேறிப் போயிடுவா. அப்புறம் நீயும் உன் சட்டியும்தான்."

வேம்பியின் கை தானாகவே மேலே போனது. ஒரு சிவப்பு இலையைப் பிடித்தும்விட்டாள். மரம் கெஞ்சவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கண்முன்னே எத்தனை வெறும் மத்தியானங்கள் வந்து போயினவோ, அவளுக்குத்தான் தெரியும்.

கையை எடுத்துவிட்டாள்.

"எனக்குத் துணை வேணும்ங்கறதுக்காக அவளை மரமா நிறுத்தி வைக்க மாட்டேன். நீ போ."

அந்தப் பேச்சு முடிவதற்குள் ஓர் இலை தானாகக் கழன்று தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். கடைசி இலை விழுந்தபோது மரம் நின்ற இடத்தில் ஒரு பெண் நின்றாள். தோற்றுப்போன சாபம், அதைப் போட்டவனையே பிடித்துக்கொண்டது. நெடுமூக்கன் காய்ந்த கட்டையாகிச் சரிந்தான்.

செய்தி கேட்டு மத்தியானம் ராஜா வந்தார், வாழ்நாளில் முதல் முறையாக நிழலுக்குள் நடந்து. முற்றத்தின் நடுவில் ஆசனம் போடுகிறேன் என்று மியோவை அழைத்தார்.

"நீங்க மரியாதைன்னு குடுத்த வெயில்லதான் நான் கருகினேன், மகாராஜா," என்றாள் மியோ.

ராஜா மதிலை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அந்தக் காவல்காரனின் காய்ச்சல் ஞாபகம் வந்தது. இனி நிழலில் இருப்பவரை யாரும் ஒதுக்கக்கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டு, வேம்பியிடம் மன்னிப்புக் கேட்டார். மியோவுக்குக் கப்பல் தருவதாகவும் சொன்னார். வேம்பி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் தனியா போக மாட்டேன். அக்காவும் வரணும்," என்றாள் மியோ. "எங்க அம்மாகிட்ட உங்களைக் காட்டணும்."

வேம்பி சரி என்று தலையாட்டினாள். பொன் வேண்டுமா, பட்டு வேண்டுமா, என்ன வேண்டுமானாலும் கேள் என்றார் ராஜா. அவள் குடிசைக்குள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குச் சோறு வேகற மாதிரி ஒரு சட்டி குடுங்க, மகாராஜா. அது போதும்."